நாலாவது பக்கத்தில் நீ எழுதியிருந்த வரி

பழைய வண்ணாரப்பேட்டை
ஜூன் 20

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கும்பகோணத்து வெயில், மருமகளுக்கு ஏழாம் மாசம், வாசல் தென்னையில் குரங்கு என்று படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தவள், நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். "கொழுப்பு மாத்திரையை நிறுத்தி நாற்பது நாள் ஆகுது, வீட்டில் யாருக்கும் தெரியாது, அது ஞாபகத்தைத் தின்னுடுமாம்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நானும் நிறுத்தினேன் வசந்தா. போன வருஷம் ஆடி மாசம் தொடங்கி, ஒன்பது வாரம்.

ஆடி இரண்டாம் வெள்ளி, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில். கூட்டம் உனக்குத் தெரியும். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். பேத்தி பேரைச் சொன்னேன். நட்சத்திரம் வரவில்லை. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்ததே நான்தான். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருக்கிறார், பின்னால் இருக்கிறவர்கள் நெருக்குகிறார்கள், எனக்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ராயபுரம் தாண்டும்போது தானாக வந்தது, சுவாதி. வந்து என்ன? அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு யாராவது இதைக் கேட்டால் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீ அப்படிச் சொல்ல மாட்டாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால் போட்டுக் கொடுக்கிற டிரங்க் போர்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த நமக்கு ஞாபகம்தானே சோறு போட்டது? காசிமேட்டு ஐஸ் பேக்டரி, மண்ணடி இரும்புக் கடை, தூத்துக்குடி உப்புக்காரர்கள், எந்த நம்பருக்கு டைரக்டரியைத் திறந்தோம்? நைட் டூட்டியில் ஒரு போன் காலுக்குக் கார்டு எழுதி முடிப்பதற்குள் இன்னும் மூன்று விளக்கு எரியும். மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போட்டுக் கொடுத்தோம். அப்படிப்பட்டவளுக்கு ஒரு நட்சத்திரம் வரவில்லை என்றால், உள்ளே எதுவோ கழன்றுவிட்ட மாதிரிதான் இருக்கும். அதனால் உன் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டு அம்மா, இந்த மாத்திரையால் மறதி வரும் என்று சொன்னாள். மறுநாளிலிருந்து சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, கொழுப்பு மாத்திரையைக் கடுகு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். பேத்தி பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். தாளிக்கப் போனவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டாள். திட்டவில்லை. மாத்திரைகளைத் தரையில் கொட்டி எண்ணினாள். அறுபத்து மூன்று. எண்ணி முடித்துவிட்டுத்தான் அழுதாள்.

அவள் எனக்கு எடுத்துச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீ கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கிற அரசுத் துறை 2012 பிப்ரவரியில், ஸ்டாட்டின் மருந்துகள் (நம் கொழுப்பு மாத்திரை அந்த வகைதான்) எல்லாவற்றின் குறிப்புத் தாளிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னது. சிலருக்கு மறதி, குழப்பம் வந்ததாகத் தகவல் இருக்கிறது, பெரும்பாலும் கடுமையாக இருக்காது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று. சிலருக்கு ஒரே நாளில் வந்திருக்கிறது, சிலருக்கு வருஷக்கணக்கில் சாப்பிட்ட பிறகு. நிறுத்தினவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் மூன்று வாரத்துக்குள் தெளிந்திருக்கிறது. அதற்கு முன்பே டுவேன் கிரேவ்லைன் என்று ஒருவர், நாசாவில் விண்வெளி வீரராகத் தேர்வான டாக்டர், 1999-இல் அடோர்வாஸ்டாட்டின் என்கிற ஸ்டாட்டினைத் தொடங்கின சில வாரத்தில் பல மணி நேரம் எல்லாம் மறந்து நின்றதாகப் பகிரங்கமாகச் சொன்னார். பயம் ஊர் ஊராகப் பரவினதில் அவர் பேச்சுக்கும் பங்கு உண்டு.

ஆனால் யாரோ சொன்னது வேறு, ஆயிரக்கணக்கான பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் இன்னொன்றுக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது வேறு. பிரிட்டனில் இருபதாயிரத்துக்கும் மேல் பேரை வைத்து சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்தில் 70-லிருந்து 82 வயது வரை 5,804 பேருக்கு ப்ராவாஸ்டாட்டின். இரண்டும் 2002-இல் வெளியாயின. ஞாபகத்தில் மருந்துப் பிரிவு பின்தங்கவில்லை. எழுபது தாண்டினவர்களிடமே தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

என் மனசை மாற்றியது இன்னொரு சோதனை. லண்டனில் செய்தது, 2020-இல் வெளியானது. இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தின அறுபது பேர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில், மாசம் ஒன்று. நாலில் மருந்து, நாலில் மாவு மாத்திரை, நாலு காலி. எந்த மாசம் மருந்து, எந்த மாசம் மாவு என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் எப்படி இருக்கிறது என்று போனில் மதிப்பெண் போட வேண்டும். காலி பாட்டில் மாசங்களில் உடம்பு நன்றாக இருந்தது. மருந்து மாசங்களில் தொந்தரவு வந்தது. மாவு மாத்திரை மாசங்களிலும் ஏறக்குறைய அதே அளவு வந்தது! பத்தில் ஒன்பது பங்கு தொந்தரவு, மாத்திரை விழுங்குகிறோம் என்கிற எண்ணத்தாலேயே. அவர்கள் சொன்ன வலியும் அசதியும் நிஜம்தான், யாரும் நடிக்கவில்லை. முடிவைக் காட்டின பிறகு பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள்.

"மூளையே கொழுப்புதானே, அதைக் குறைச்சா என்ன ஆகும்" என்று நீ எழுதியிருந்தாய். நானும் அதையேதான் கேட்டேன். உடம்பில் இருக்கிற கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூளையில் இருப்பது உண்மை. நம் கேபிளில் ஒவ்வொரு கம்பி மேலும் காகிதம் சுற்றியிருக்குமே, அந்த மாதிரி நரம்பு மேல் சுற்றியிருக்கிற உறைக்கு அது வேண்டும். ஆனால் மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ரால் மூளைக்குள் போக வழி கிடையாது. மாத்திரை முக்கியமாக வேலை செய்கிற இடம் கல்லீரல். அங்கே உற்பத்தி குறைந்தால், கல்லீரல் ரத்தத்தில் இருக்கிற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. இந்த வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். ஆறாயிரம் பூஞ்சைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படர்ந்த பூஞ்சையிலிருந்து 1973-இல் பிரித்தெடுத்தார். 2024 ஜூனில் தொண்ணூறு வயதில் இறந்துபோனார். நாம் பூசணம் பிடித்த அரிசியைக் குப்பையில் கொட்டுவோம், அவர் அதில் மருந்தைத் தேடியிருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் பார்த்த டாக்டர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "வயசாச்சுல்ல" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர் சின்னப் பெண். உட்கார வைத்து, சாவி, எலுமிச்சை, ரயில் என்று மூன்று வார்த்தை சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கடிகாரம் வரைந்து பதினொன்றே பத்து காட்டச் சொன்னாள். அப்புறம் அந்த மூன்று வார்த்தை என்ன என்றாள். எலுமிச்சை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது. "தேடினா கிடைக்குதும்மா, தொலையலை" என்றாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டாள், ஸ்டாட்டின் எத்தனை வருஷமாக? ஆறு. மறதி எப்போதிலிருந்து? நாலைந்து மாசமாக. நடுவில் அளவு மாறினதா? இல்லை. நிறுத்தி ஒன்பது வாரத்தில் மறதி குறைந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் வேறு இடத்தில் தேடுவோம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னாள். வைட்டமின் பி12 பாதாளத்தில் இருந்தது. பதினோரு வருஷமாக நான் சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின், சிலருக்கு பி12-ஐக் குறைத்துவிடுமாம். கெட்ட கொழுப்பு 96-லிருந்து 158-க்கு ஏறியிருந்தது. ஊசி போட்டு, பிறகு மாத்திரை. மார்கழி வாக்கில் ஒரு நாள் காலையில் பால்காரர் கணக்கைச் சீட்டு இல்லாமல் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

உனக்கும் இதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. உன் கதை வேறு. உனக்கு மாத்திரையை 20-லிருந்து 40-ஆக உயர்த்தின மாசமே தலை மந்தமானதாக எழுதியிருக்கிறாய். அதைத் தேதியோடு டாக்டரிடம் சொல். அளவைக் குறைத்துக் கூடவே வேறு ஒன்று சேர்க்கலாம், ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றிப் பார்க்கலாம், அவர் கண் முன்னாலேயே சில வாரம் நிறுத்தியும் பார்க்கலாம். ராத்திரி அரிப்புக்கு நீ போடுகிற அந்தப் பழைய, தூக்கம் வரவைக்கிற மாத்திரையையும் காட்டு, நம் வயசில் அந்த வகை மாத்திரை தலையை மந்தமாக்கும். பி12, தைராய்டு இரண்டும் பார்க்கச் சொல். ஆனால் யாருக்கும் தெரியாமல் நிறுத்தாதே. எனக்கு வெறும் கொழுப்பு. உனக்கு இரண்டு வருஷம் முன்னால் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அந்தக் குழாய் மறுபடி அடைக்காமல் இருக்கத்தான் அந்த மாத்திரை.

எங்கள் பெரியக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், நைட் டூட்டிக்குக் கேரியரில் வற்றல் குழம்பு கொடுத்தனுப்புவாளே. அவளுக்கு வந்த மறதி மாத்திரையால் வந்ததில்லை. பிரஷருக்கும் கொழுப்புக்கும் எதுவும் சாப்பிட மாட்டேன் என்றாள். தலைக்குள் சின்னச் சின்னதாக அடைப்பு. ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு படி இறங்கினாள். கடைசி வருஷம் என்னை "யாரும்மா நீ, எந்தத் தெரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். நடுவயதில் ஏறி நிற்கிற கெட்ட கொழுப்பும் பின்னால் வருகிற ஞாபக நோய்க்கு ஒரு காரணம் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு தன் பட்டியலில் சேர்த்தது. பேத்தி அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு அக்கா முகம்தான் வந்தது. ஞாபகத்துக்குப் பயந்து நீ நிறுத்தின மாத்திரை, ஒருவேளை அந்த ஞாபகத்தையே காத்துக்கொண்டிருக்கலாம் வசந்தா.

வேறு செய்தி அதிகம் இல்லை. மீன்பிடித் தடை 14-ஆம் தேதியோடு முடிந்தது. காசிமேட்டில் இந்த வாரம் சங்கரா வந்து குவிந்திருக்கிறது, வஞ்சிரம் விலை இன்னும் இறங்கவில்லை. நம்மோடு வேலை பார்த்தவர்களில் நாலைந்து பேர் மாசம் ஒரு முறை சந்திக்கிறோம், உன்னைக் கேட்காத ஆள் இல்லை.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே உன் பையனிடம் விஷயத்தைச் சொல். மறுநாளே இதய டாக்டரைப் பார். நாற்பது நாளையும் மறைக்காமல் சொல்லு, அவர் கோபப்பட்டால் படட்டும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. நம் கார்டில் எழுதுவோமே, அந்த மாதிரி சுத்தமாக. பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு போன் பண்ணு. ராத்திரி பதினொரு மணியானாலும் எடுப்பேன்.

உன்
லலிதா