கிறிஸ்துமஸ் விடுமுறையும் 26-ஆம் தேதி சூரிய கிரகணமும்

கொழிஞ்சாம்பாறை
19.12.2019

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலோத்சவம் என்னும் கலை விழாவிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் நன்றி. முன்னேற்ற அட்டை பள்ளி திறந்ததும் கைக்கு வரும்.

இனி, நிதானமாகப் பேச வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

வரும் 26-ஆம் தேதி வியாழக்கிழமை காலை வளைய சூரிய கிரகணம். நிலா சூரியனின் நடுவை மட்டும் மறைக்க, சுற்றிலும் ஒளி வளையம் தெரியும். கண்ணூர், வயநாடு, பாலக்காடு, கோவை, ஊட்டி, திண்டுக்கல் என்று அதன் பாதை நம் ஊர்ப்பக்கமாகவே போகிறது. காலை 8 மணியை ஒட்டித் தொடங்கும், 9.30 மணியளவில் வளையம். 11 மணி தாண்டி முடியும். 2010 ஜனவரி கிரகணத்தில் வளையம் தெரிந்தது திருவனந்தபுரம், கன்னியாகுமரிப் பக்கம்தான். நம் பகுதிக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசையும். ஆனால் அன்று விடுமுறை. அவர்கள் எங்கள் கண்முன்னால் இருக்க மாட்டார்கள், உங்கள் கண்முன்னால் இருப்பார்கள்.

இந்த வாரம் வகுப்புகளில் எக்ஸ்ரே பிலிம், போட்டோ நெகட்டிவ், ஒன்றிரண்டு வெல்டிங் கண்ணாடி எல்லாம் புத்தகப் பைகளில் இருந்தன. பலவும் வீட்டிலேயே எடுத்துக் கொடுத்தவை. பிள்ளை கிரகணம் பார்க்கட்டும் என்று அன்போடு கொடுத்ததுதான், புரிகிறது. சிக்கல் என்னவென்றால், இந்தப் பிலிம் கண் கூசுவதை மட்டும் நிறுத்தும். கூசாததால் பிள்ளை இமைக்காமல் பார்க்கும், கண்மணியும் விரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பிலிமைத் தாண்டித் தாராளமாக உள்ளே போகும். விழித்திரைக்கு வலி தெரியாது. அன்று முழுக்கப் பிள்ளை ஓடியாடி விளையாடும். மறுநாள் காலை புத்தகத்தைத் திறந்தால் பார்க்கும் எழுத்து மட்டும் மங்கும், வரி நெளியும். சிலருக்கு அது தானாகத் தெளியும், சிலருக்குக் கடைசிவரை தெளியாது. சிறு பிள்ளைகளின் கண் வில்லை தெளிவானது என்பதால் பெரியவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வெல்டிங் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: எண் கூடினால் கண்ணாடியின் கருமை கூடும். கேஸ் வெல்டிங் கண்ணாடி 5, 6-ஆம் எண், ஆர்க் வெல்டிங் கண்ணாடி பெரும்பாலும் 10, 11. சூரியனுக்கு 14-ஆம் எண் வேண்டும். இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டிக் கொடுப்பதும் வேண்டாம்.

தட்டில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் பார்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூரிய ஒளியில் லட்சத்தில் 3 பங்குக்கு மேல் கண்ணுக்குள் போகக் கூடாது. தண்ணீரோ லட்சத்தில் குறைந்தது 2,000 பங்கையாவது கண்ணுக்குத் திருப்பி அடிக்கிறது. மார்கழிப் பனியை, மெல்லிய மேகத்தை நம்பிப் பார்ப்பதும் இதே கதைதான்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெரும்பகுதி மறைந்த பிறகு பார்த்தால் பரவாயில்லை என்று எந்தப் பெரியவரும் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனைப் போலவே சுடும். இந்தக் கிரகணத்தில் வெறும் கண்ணால் பார்க்கத் தகுந்த நொடி ஒன்றுகூட இல்லை. பிலிமோடு பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். கண் போனால் பள்ளிக்கூடத்தால் அதைத் திருப்பித் தர முடியாது.

பயந்து கதவைப் பூட்டவும் வேண்டியதில்லை. அன்றைய வெயில் மற்ற நாள் வெயில்தான். வீட்டிலிருக்கும் இடியாப்ப அச்சை வெயிலில் பிடியுங்கள். தரையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டிப் பிறைச் சூரியன் விழும். புளியமர நிழலிலும் அப்படித்தான். கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரே ஒரு துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெள்ளைத் தாளில் விழ வைக்கலாம். 1 மீட்டர் தள்ளிப் பிடித்தால் பிம்பம் 9 மில்லிமீட்டர், 2 மீட்டரில் அதன் இரு மடங்கு. துளை பெரிதானால் சூரியன் தெரியாது, துளையின் வடிவம்தான் தெரியும். துளை வழியாக மேலே பார்ப்பதுதான் பிள்ளைகள் செய்யும் தவறு. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் 5 மில்லிமீட்டர் துளையுள்ள தாளை ஒட்டி, 10 மீட்டர் தள்ளி இருட்டு அறைச் சுவரில் வெயிலை அடித்தால் 9 சென்டிமீட்டர் சூரியனை வீடே உட்கார்ந்து பார்க்கலாம்.

கிரகணக் கண்ணாடி வாங்குவதானால் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டு பல்பைப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கீறல், மடிப்பு இருந்தாலும் ஆகாது. குனிந்து மாட்டி, பிறகு நிமிர வேண்டும். கழற்றும்போதும் முதலில் தலையைத் தாழ்த்த வேண்டும். பவர் கண்ணாடி போடும் பிள்ளைகள் அதன் மேலேயே மாட்டலாம். இதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் மட்டும் பார்க்கவே கூடாது. குவிந்த வெயில் கிரகணக் கண்ணாடியையே பொசுக்கிவிடும்.

அன்று அடுப்பு பற்ற வைக்காத வீடுகளில் பிள்ளைக்கு 7.30 மணிக்குள் பலகாரம் கொடுத்துவிடுங்கள். 11 மணிவரை பசி தாங்காது. பிறகு பார்வையில் ஏதாவது கோளாறு என்று பிள்ளை சொன்னால் தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விட வேண்டாம். அன்றே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

முடிந்தவர்கள் 26-ஆம் தேதி காலை 7.45 மணிக்குப் பள்ளி மைதானத்துக்குப் பிள்ளையோடு வாருங்கள். சோதித்த கண்ணாடிகள் 40 வைத்திருக்கிறோம். முறை வைத்துத் தருவோம். அறிவியல் ஆசிரியர்கள் விடுமுறையை விட்டு வருகிறார்கள். எங்கள் சொல்லைக் கேட்டு, எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்த எக்ஸ்ரே பிலிம்களைப் பெயரெழுதி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டியவை இருக்கலாம். பெற்றோரே நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்