தோட்டக்கலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

சென்ற ஆண்டறிக்கையில் நம் இணைய உரையாடல் தளத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை அதுவே எடுத்துக்கொண்டதால், வரவு செலவைப் பொருளாளரிடம் விட்டுவிட்டு இதைப் பற்றியே பேசுகிறேன்.

பிரித்தானியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2023 அக்டோபர் 26 அன்று அரச ஒப்புதல் பெற்றது. சட்டவிரோத உள்ளடக்கம் பற்றிய கடமைகள் 2025 மார்ச் 17 முதலும், சிறுவர் பாதுகாப்புக் கடமைகள் அதே ஆண்டு ஜூலை 25 முதலும் நடைமுறைக்கு வந்தன. ஒருவர் பதிவதை இன்னொருவர் காண முடிகிற தளம், கோடிக்கணக்கானோர் கூடுவதாயினும், நம்முடையதைப் போல மூன்று தன்னார்வலர்கள் இரவு நேரங்களில் பார்த்துக்கொள்வதாயினும், சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. இலாப நோக்கம் இல்லை என்பதால் விலக்குக் கிடைப்பதில்லை. தண்டத்தின் உச்சவரம்பு 1.8 கோடி பவுண்டு, அல்லது உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது. இதைக் கேட்டவுடன் தளத்தை மூடிவிடலாம் என்றனர் சிலர். தண்டம் தவற்றின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுவதை எடுத்துச் சொல்லியும், அவர்களது அச்சம் முழுதாக நீங்கவில்லை.

ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் கேட்ட இடர் மதிப்பீட்டை, மார்ச் 16க்குள், 17 வகைக் குற்றங்களுக்கும் தனித்தனியே எழுதினோம். ரோஜாவைக் கவாத்து செய்வது பற்றிப் பேசும் இடத்தில் ஆயுத விற்பனைக்கு என்ன வாய்ப்பு என்று முதலில் நகைத்தோம். பிறகுதான் பழைய கருவிகளை விற்கும் பகுதியில் வெட்டுக்கத்திகள் இருப்பது நினைவுக்கு வந்தது. அதைவிட முக்கியமாக, தனிச்செய்தி வசதி வழியாக யாரோ ஒருவர் அரிய செடிகள் தருவதாகச் சொல்லி மூத்த அங்கத்தவர் இருவரிடம் முன்பணம் கேட்டிருந்ததும் அப்போதே வெளிப்பட்டது. படிவம் சலிப்பூட்டினாலும், அது இல்லாமல் இதை நாம் கண்டுபிடித்திருக்க மாட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தனிச்செய்தி வசதியை நிறுத்திவிட்டோம். மின்னஞ்சல் இச்சட்டத்தின் கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றிருப்பதால், அங்கத்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். பெருநிறுவனம் ஒன்றின் சமூக ஊடகக் குழுவுக்கு மாறலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. பூச்சித் தாக்குதல், மண், விதை பற்றிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பதில்கள் அங்கே தேடிப் பிடிக்க முடியாதவாறு புதைந்துவிடும். எனினும், இவ்வளவு எழுத்து வேலையைச் சம்பளமின்றிச் செய்ய ஆளில்லாத சிறு தளங்கள் மூடப்படுவது இச்சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்காது என்றே கருதுகிறேன்.

ஆஃப்காமின் நடைமுறை விதிகளின்படி இக்கடமைகளுக்குப் பொறுப்பேற்கும் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். வேறு எவரும் முன்வராததால் இவ்வாண்டு அவர் நானே. மதிப்பீட்டை மறுபார்வை செய்யும் காலம் நெருங்குகிறது. அடுத்த ஆண்டும் இப்பொறுப்பைத் தொடர என்னால் இயலாது. நிகழ்ச்சி நிரலின் ஐந்தாம் இனத்தை எடுத்துக்கொள்ளும்போது பெயர்களை முன்மொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்