யோயன்சூவிலிருந்து ஒரு கடிதம்

யோயன்சூ, பின்லாந்து
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்கு அப்புறம் நான் எழுதவே இல்லை என்று அம்மா கோபமாக இருப்பது நியாயம்தான். குளிரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மைனஸ் 22தான், வீட்டுக்குள் தெரியாது.

கீழ்வீட்டுத் தாத்தா இதுவரை என்னிடம் ‘மொய்’ (இங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான்) தவிர வேறெதுவும் பேசியதில்லை. போன வாரம் கதவில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே கர்யலன்பீரக்கா. ரை என்ற தானியத்தின் கறுத்த மாவுக்குள் அரிசிக் கஞ்சியை வைத்துச் சுட்டது. அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் அதோடு தீர்ந்தது.

"இவ்வளவு படித்துவிட்டு இலை அரைக்கிறாயா" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், கோடையில் பறித்துக் காயவைத்த பிர்ச் மரத்து இலைகள். வெயிலிலுள்ள புற ஊதா பி கதிரைச் சில மரக்கன்றுகளுக்கு விளக்கு வைத்துக் கூட்டிக் கொடுத்தோம். அது கூடினால் இலை தன் மேல்தோலில் குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளை, அதாவது செடி தானே செய்துகொள்ளும் ஒருவகை ரசாயனங்களை, சேர்த்துக்கொள்ளும். அவை அந்தக் கதிரைத் தடுத்து, ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். அதே சரக்கு சில புழுக்களுக்குப் பிடிப்பதில்லை, சில கண்டுகொள்வதே இல்லை. அர்ஜென்டினாவின் தென்கோடியில், இந்தக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் மெலிந்த தியெர்ரா தெல் ஃபுவேகோவில், மரக்கிளைகளுக்கு மேல் இந்தக் கதிரை வடிகட்டும் பிளாஸ்டிக் தாளைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். பாதுகாத்த கிளைகளைத்தான் பூச்சி அதிகம் தின்றது! கதிர் பட்ட கிளைகளில் சேதம் குறைந்தபட்சம் 30 சதவீதம் கம்மி.

இதைப் படித்துவிட்டு, முருங்கைக்கு வெயில் வேண்டுமென்று வேப்பமரத்தில் கை வைத்துவிடாதீர்கள். கம்பளிப்பூச்சி அடிமரத்தில் கும்பலாக ஒட்டியிருக்கும்போது பந்தம் காட்டினால் போதும்.

பொங்கலன்றும் வேலை இருந்தது. நான்கு மணிக்கு வெளியே வந்தால் கும்மிருட்டு. அங்கே கன்றுக்குட்டிக்குக் கொம்பில் வர்ணம் அடித்தீர்களா, யார் அடித்தார்கள்? போனில் கேட்க நினைத்தேன், குரல் சரியாக இல்லாததால் விட்டுவிட்டேன். ஜலதோஷம்தான்.

பணம் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். கோட்டு, பூட்ஸ் என்று கொஞ்சம் செலவாகிவிட்டது, வேறொன்றுமில்லை. தம்பி கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று உடனே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் கிணற்று விஷயம். சித்தப்பா கொண்டுவரும் தாளில் நான் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மோட்டார் செலவில் பாதி அவருடையது என்று பெரியத்தை முன்னிலையில்தானே பேசினோம்? அத்தையையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். பழைய பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
வாணி