எல்லாவற்றுக்கும் 'துணை' போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த ஆங்கிலச் சொற்பட்டியல் பற்றியே இந்தக் கடிதம். செக்கண்டரி, ஒக்சிலியரி, அன்சிலரி, சப்சிடியரி, சப்ளிமென்ரரி, அக்செசரி என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் எதிரே 'துணையான, இரண்டாம் நிலையான' என்று ஒரே கருத்தைக் கொடுத்திருந்தீர்கள். ஓ.எல். எடுக்கிற பிள்ளைகள் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளை ஒருத்தி, தன் அக்காவின் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தரச்சொல்லிக் கொண்டுவந்தாள். அக்கா முன்பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தவர். விண்ணப்பத்தில் 'சப்சிடியரி ரீச்சர்' என்று கிடந்தது. கேட்டால், "பேப்பரிலை அப்பிடித்தான் சேர் போட்டிருந்தது" என்கிறாள். அசிஸ்ரன்ற் என்று ஊருக்கே தெரிந்த சொல் இருக்க, பட்டியலில் உள்ளதுதான் படித்த சொல் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்காரக்கூடியவை அல்ல. சப்சிடியரி என்பதன் இலத்தீன் மூலம், முன்வரிசை தளர்ந்தால் இறங்குவதற்கென்று பின்னால் காத்திருந்த படையைக் குறித்தது. இன்று அதை அதிகம் காண்பது கம்பனிக் கணக்குகளில். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தாய்க் கம்பனியின் கையில் இருந்தால் அது சப்சிடியரி. அதற்கென்று தனிப்பெயர், தனிப் பணிப்பாளர் சபை எல்லாம் உண்டு. பிடி மட்டும் வேறு கையில். ஒக்சிலியரி அப்படியல்ல, கூட நின்று வேலை செய்வது. ஆங்கிலத்தில் டூ, ஹாவ் போன்ற துணைவினைகள் இல்லாமல் ஒரு கேள்வியைக்கூட ஒழுங்காகக் கேட்க முடியாது. நாங்களும் 'வந்தான்' என்பதற்கும் 'வந்துவிட்டான்' என்பதற்கும் இடையில் உள்ள அவ்வளவு வேறுபாட்டையும் ஒரு 'விடு'வின் தலையில்தானே ஏற்றுகிறோம்?

அன்சிலரியின் வேர், பணிப்பெண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல். வைத்தியசாலையில் சலவை, சமையல், துப்புரவு போன்றவற்றை அந்தச் சொல்லால் குறிப்பார்கள். அக்செசரி மோட்டார் சைக்கிள் கடையில் ஒரு பொருள், நீதிமன்றத்தில் இன்னொரு பொருள். கடையில் சீற் கவர், பின்பெட்டி. நீதிமன்றத்தில் குற்றத்துக்கு உடந்தையானவர். இரண்டையும் 'துணையான' என்று பாடமாக்கிய பிள்ளை என்ன செய்யும்?

சப்ளிமென்ரரிக்கு நல்ல தமிழ் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒதுக்கிய பணம் போதாமல் பாராளுமன்றத்தில் மேலும் பணம் கேட்கும்போது அதைக் 'குறைநிரப்பு மதிப்பீடு' என்கிறோம். அந்தச் சொல்லை ஆக்கியவர் யாரோ, கெட்டிக்காரர். குறை எங்கே, நிரப்புவது எது என்று சொல்லே காட்டிவிடுகிறது. கணித பாடத்தில் 110 பாகைக் கோணத்துக்கு 70 பாகை மிகைநிரப்புக் கோணம் என்று படிக்கிற பிள்ளைக்கு, அந்தச் சொல்லை வைத்தே ஆங்கிலச் சொல்லையும் விளங்கப்படுத்தலாம்.

செக்கண்டரி என்றால் மதிப்புக் குறைந்தது என்று எண்ணுவதும் பிழை. பல இடங்களில் அது 'அடுத்து வருவது' மட்டுமே. ஆறாம் வகுப்பிலிருந்து செக்கண்டரி என்பதால் அது ஐந்தாம் வகுப்பை விடத் தாழ்ந்ததாகிவிடுமா? மாரி காலத்தில் இங்கே எல்லோரும் பயப்படுகிற டெங்குவைப் பாருங்கள். ஒருமுறை வந்தவருக்குப் பிறகு வேறு வகை டெங்கு வைரசால் மறுபடி தொற்றினால் அதை செக்கண்டரி தொற்று என்பார்கள். கடுமையான நிலைக்குப் போகும் ஆபத்து அதில்தான் கூட. அங்கே 'இரண்டாம்பட்சம்' என்று விளங்கிக்கொண்டால் ஆளுக்கே ஆபத்து.

எங்கள் மண்ணோடு ஒட்டிய உதாரணமும் ஒன்று இருக்கிறது. வெங்காயத்தையும் மிளகாயையும் அரசாங்கக் கடதாசிகள் நெடுங்காலம் 'உப உணவுப் பயிர்கள்' என்றே எழுதிவந்தன. சப்சிடியரி என்பதன் தமிழாக்கம் அது. நெல்தான் நாட்டுக்குப் பிரதானம் என்பதால் மற்றவை உப. சரி, கொழும்பில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் காசு விளைந்தது அந்த 'உப'வில்தான். கோப்பாயிலும் உரும்பிராயிலும் செத்தல் மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் நம்பிப் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் எத்தனை! 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அடி விழுந்ததும் அதே பயிர்களுக்குத்தான். தோட்டக்காரனிடம் போய் 'உங்கடை உப பயிர் எப்பிடி?' என்று கேட்டால் மண்வெட்டியோடு திரும்பிப் பார்ப்பான். இப்போது 'மறுவயற் பயிர்', அதாவது மற்ற வயற்பயிர், என்று எழுதுகிறார்கள். 'மற்றவை' என்று ஒதுக்குவதும் பெரிய மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் 'உப'வை விடப் பரவாயில்லை.

பதவிப் பெயர்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மேலதிக அரசாங்க அதிபர், உதவி அரசாங்க அதிபர் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆனால் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் என்றதும், யாருக்கோ உதவியாள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிர்வாகத்தை நடத்துகிறவரே அவர்தான். வேந்தருடையது பெரும்பாலும் பட்டமளிப்பு விழா மேடைப் பதவி. அங்கே ஆங்கிலத்தில் உள்ள 'வைஸ்' என்பதற்கு 'இன்னொருவரின் இடத்தில் நிற்பவர்' என்பதே பொருள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சொல்லைத் தனியே போடாமல், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதையும் போடுங்கள்: ஒக்சிலியரி என்றால் வினை, சப்சிடியரி என்றால் கம்பனி, சப்ளிமென்ரரி என்றால் மதிப்பீடு அல்லது கோணம். அடுத்த முறை 'முதன்மையான' என்பதற்குரிய சொற்கள் வரும் என்று பட்டியலின் அடியில் குறிப்பிட்டிருந்தீர்கள். பிரைமரி, பிரின்சிப்பல், சீஃப், மெயின் எல்லாம் அதில் வரும் என்று நினைக்கிறேன். அவற்றையாவது ஒவ்வொரு வசனத்தோடு தாருங்கள். இடம் காணாவிட்டால் மூன்று சொல் போதும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
உரும்பிராய்.