அது உன் குறை இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ ஃபோன் பண்ணியபோது அப்பா பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் "ம்", "சரி" என்பதைத் தாண்டி என்னால் எதுவும் பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மாப்பிள்ளை கண்ணில் படலாம் என்று உன் ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதா வேண்டாமா, எப்போது சொல்வது என்பதெல்லாம் உன் முடிவு. நீ சொல்லாமல் என் வாயிலிருந்து வராது.

மாப்பிள்ளையின் ஆபாசப் படப் பழக்கத்தையும், அவர் வெளியே வேறு பெண்களிடம் போனதையும் சொல்லி அழுததற்கு நடுவில் நீ திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "நான் எதுலம்மா குறைஞ்சு போயிட்டேன்?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எதிலும் இல்லை. குழந்தை பிறந்து உடம்பு போட்டதால் இல்லை. வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வருவதால் இல்லை. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தபோதே இந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது என்று அவரே உன்னிடம் ஒத்துக்கொண்டாரே. அப்போது நீ எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ. உன்னைப் பெண் பார்க்க வருவதற்குப் பல வருஷம் முன்னால் பிடித்த பழக்கத்துக்கு உன் உடம்பு எப்படிக் காரணமாகும்? இளைக்க வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறாயே, அதை இன்றோடு நிறுத்து.

இன்னொன்றும் சொன்னாய். அந்த வீடியோக்களில் வருகிற மாதிரி நடந்துகொண்டால் அவர் வெளியே போகமாட்டார் என்று நினைத்து, பிடிக்காததற்கெல்லாம் சம்மதித்தேன் என்றாய். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நடந்ததற்காக உன்னை நீயே நொந்துகொள்ளாதே. குடும்பத்தைக் காப்பாற்றத்தான் செய்தாய். ஆனால் இனிமேல் மனசு ஒப்பாத எதற்கும் தலையாட்டாதே. அவர் கெஞ்சினாலும் சரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி.

உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நர்ஸாகவும்தான் இதைச் சொல்கிறேன். நீ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்பா என்ற பெயரில் எங்கெங்கோ போயிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, "பாதுகாப்பாத்தான் இருந்தேன்" என்ற அவர் வாய்வார்த்தையை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. எச்.ஐ.வி., சிஃபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி எல்லாவற்றுக்கும் பார்த்துவிட வேண்டும். இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தை நம்பிக்கை மையம் என்கிறோமே, உங்கள் பெங்களூருவில் அதை ஐசிடிசி என்று கேட்டால் காட்டுவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். உன் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் போதாது. தொற்று ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். கடைசியாக நீங்கள் சேர்ந்திருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவரும் பார்த்து, இருவர் ரிப்போர்ட்டும் கைக்கு வரும்வரை தனி அறையில் படுத்துக்கொள். அதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

1986-ல் சென்னையில்தான் நம் நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடித்தார்கள். அப்போது அது 'அந்த மாதிரி' பெண்களின் நோய் என்று ஊரே பேசியது. ஆனால் நான் வேலை பார்த்தபோது எங்கள் நம்பிக்கை மையத்து பெஞ்சில் கழுத்தில் தாலியோடு எத்தனையோ பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். புருஷனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். பெஞ்சின் ஓரமாக, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, டோக்கன் சீட்டை நகத்தளவுக்கு மடித்துச் சுருக்குப் பையில் திணித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பாதிப் பேர் பெயர் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள். வெட்கப்பட வேண்டியது அவர்களா? நீயும் வெட்கப்படாதே. நிமிர்ந்து உட்கார்.

அடுத்து, "இது வியாதியா, திமிரா?" என்று கேட்டாயே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு' என்று இதற்கு ஒரு இடம் உண்டு. 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022-லிருந்து நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. அதில் இதைப் போதைப் பழக்கங்களோடு வைக்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தன்னை அடக்க முடியாமல், குடும்பம், வேலை, உடம்பு எல்லாம் கெட்டாலும் விட முடியாமல் தவித்தால்தான் அந்தப் பெயர். ஆபாசப் படம் பார்த்தவர் எல்லாரும் நோயாளி இல்லை. பார்த்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் துடிப்பது மட்டுமே நோயும் ஆகாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் பட்டியலில் இது தனி நோயாக இல்லவே இல்லை. மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறது.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு இது நோய் அளவுக்குப் போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் கதவுக்கடியில் வெளிச்சம், லீவு போட்டுவிட்டு ஆபீஸ் போவதாகப் பொய், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்குப் போட்டு வைத்த டெபாசிட்டை உடைத்தது. ஆனால் நோய் என்று சொல்வதால் பொய்யும் பணத்தை எடுத்ததும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டும், பொய்க்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டுமே அவர் பொறுப்பு.

வைத்தியம் என்றதும் டிவியில் நடுராத்திரி விளம்பரம் கொடுக்கிறவர்களிடமும், லாட்ஜில் ரூம் போட்டுப் பார்க்கிற வைத்தியர்களிடமும் போய்விட வேண்டாம். நல்ல மனநல மருத்துவரிடம் போகச் சொல். மனச்சோர்வு, பதற்றம் என்று அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் அவர்கள் பார்ப்பார்கள். அப்புறம் பேச்சு வழிச் சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை. நீங்கள் இருப்பதோ பெங்களூரு, நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஃபோன், இன்டர்நெட் பழக்கம் கைமீறிப் போனவர்களுக்கென்றே 2014-லிருந்து அங்கே ஷட் கிளினிக் என்று ஒன்று நடக்கிறது. அங்கே விசாரிக்கலாம். ஆனால் அப்பாயின்ட்மென்ட்டை அவர் வாங்கட்டும். சர்க்கரை வந்தவருக்காக நீ மாத்திரை விழுங்கி அவர் சர்க்கரை குறையாது.

நீ இப்போது போலீஸ் வேலை பார்க்கிறாய் பாப்பா. அவர் குளிக்கப் போனால் ஃபோனை எடுத்துப் பார்ப்பது, எத்தனை ஜி.பி. டேட்டா தீர்ந்தது என்று கணக்குப் பார்ப்பது, ஆபீஸுக்கு வீடியோ கால் போடுவது. உன் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், காலடியில் தரை நழுவினால் எதையாவது பிடிக்கத்தானே தோன்றும். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்த அன்று உனக்குத் தூக்கம் போகிறது, கண்டுபிடிக்காத அன்றும் போகிறது. கை நடுங்குகிறது, சமைக்கும்போது திடீரென்று அழுகை வருகிறது என்றாய். பெரிய விபத்திலிருந்து பிழைத்தவர்களுக்கு வருவது போன்ற அறிகுறிகள் இவை. ஆகவே உனக்கென்று தனியாக ஒரு கவுன்சிலர் வேண்டும், அவருடைய கவுன்சிலர் இல்லை. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

குடிநோயாளிகளின் வீட்டுப் பெண்களை நாங்கள் அல்-அனான் கூட்டங்களுக்கு அனுப்புவோம். "இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் அடக்க முடியாது, உன்னால் குணமாக்கவும் முடியாது" என்று அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். அதே வழியில் இந்தப் பிரச்சினை உள்ளவர்களின் குடும்பத்துக்கு எஸ்-அனான் என்று ஒரு குழு இருக்கிறது. இன்டர்நெட் வழியாகவும் கூடுகிறார்கள். பெயர் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் போதும்.

அவரிடம் உண்மையைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நடுராத்திரியில் துண்டு துண்டாக வேண்டாம். கவுன்சிலரை வைத்துக்கொண்டு ஒரே தடவையாகக் கேள். உன் உடம்புக்கு என்ன ஆபத்து, எவ்வளவு பணம் போயிற்று, எவ்வளவு கடன், நமக்குத் தெரிந்தவர் யாராவது இதில் உண்டா, உன்னை எப்போதாவது படம் எடுத்தாரா. இவ்வளவும் தெரிய வேண்டும். யாரிடம் என்ன செய்தார் என்ற விவரம் வேண்டாம். தெரிந்துகொண்டால் அந்தக் காட்சிகள் உன் மண்டையை விட்டுப் போகாது.

பணத்தில் கறாராக இரு. உன் சம்பளம் உன் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்குப் போகட்டும். நகை உன் லாக்கரில் இருக்கட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பாஸ்புக் எல்லாவற்றுக்கும் காப்பி எடுத்து எனக்கு அனுப்பு. அவர் ஃபோனைப் பேத்தி கையில் எக்காரணம் கொண்டும் கொடுக்காதே.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள். கட்டிய மனைவியிடம் கட்டாயமாக நடந்தால் அது பாலியல் வன்கொடுமைக் குற்றம் ஆகாது என்ற விதிவிலக்கு நம் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், மனைவியை அவமானப்படுத்தும் பாலியல் நடத்தையையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும் சட்டப்படியான நடைமுறை இல்லாமல் உன்னை வெளியே தள்ள முடியாது என்பதும் அதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு விவாகரத்து வழக்கில், தனியாக ஆபாசப் படம் பார்ப்பது மட்டுமே துணைக்குச் செய்யும் கொடுமை ஆகாது, சேர்ந்து பார்க்கும்படி வற்புறுத்தினால் அது கொடுமை என்றது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டது மனைவி, ஆனால் நியாயம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதானே. உனக்குத் தெரியாமல் படம் எடுத்திருந்தால் அது தனிக் குற்றம், சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம். அவர் ஃபோனில் குழந்தைகளின் ஆபாசப் படம் என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை. அதை வைத்திருப்பதே குற்றம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி ஒன்றைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே கிளம்பி வா. மற்றதை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன் மாமியார், "இன்னொரு பிள்ளை பெத்துக்கோ, சரியாயிடுவான்" என்றாராம். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. குழந்தை மருந்து இல்லை. "ஆம்பள சேத்தைக் கண்டா மிதிப்பான், தண்ணியக் கண்டா கழுவுவான்" என்று இன்னும் நாலு பேர் சொல்வார்கள். இந்த ஒரு பழமொழியைச் சொல்லியே எத்தனை பெண்களை அந்த பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்கிறவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்காதே, எழுந்து போய்விடு.

சேர்ந்து வாழ்வதா, விலகுவதா என்பதை இந்த மாதமே முடிவு செய்ய வேண்டாம். தூக்கம் இல்லாத நேரத்தில் எடுக்கிற முடிவு சரியாக இருக்காது. திருந்துகிறாரா என்பதை அழுகையையும் சாமி முன்னால் செய்கிற சத்தியத்தையும் வைத்துக் கணக்குப் போடாதே. நீ நினைவூட்டாமல் டாக்டரிடம் போகிறாரா? சறுக்கினால் நீ கண்டுபிடிக்கும் முன் அவரே வந்து சொல்கிறாரா? உன் கோபத்தைப் பொறுத்துக்கொள்கிறாரா, "இன்னும் எத்தனை நாளைக்கு இதையே பேசுவே" என்று எரிந்து விழுகிறாரா? இதையெல்லாம் சில மாதம் பார். திருந்தியவர்களும் இருக்கிறார்கள். திருந்தாத மனிதரோடு இருந்துதான் தீர வேண்டும் என்று உனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நம் மாடி போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது, வாடகைக்கு விடவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் உண்மைதானே. மாப்பிள்ளையிடம் நான் சண்டைக்கு நிற்க மாட்டேன், பயப்படாதே. திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிடு. பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேருமாகப் பரிசோதனைக்குப் போவோம். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, டிபன் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

அன்புடன்,
அம்மா