குர்சுராவில் கைகொடுத்த பெரியவருக்கு நன்றி

விசாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கும் ஐஎன்எஸ் குர்சுராவைக் குடும்பத்தோடு பார்த்தோம். 1971 போரில் ரோந்து போன நீர்மூழ்கிக் கப்பல். 2002 முதல் அருங்காட்சியகம். உள்ளே அறைக்கு அறை குறுகலான வட்டக் கதவு. முழங்கால் வலிக்கார அம்மா முதல் கதவிலேயே நின்றுவிட்டார்.

விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் (ஓய்வுபெற்ற கடற்படைக்காரராம்) பின்னால் வந்தவர்களை நிறுத்திவிட்டு, முதலில் காலை விட்டு, அப்புறம் தலையைக் குனிந்து நுழைவது எப்படி என்று தானே செய்து காட்டினார். அம்மா தாண்டிவிட்டார்! டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) ஏவும் குழாய்கள் முன்னால் 6, பின்னால் 4 என்று பையனுக்குப் பொறுமையாகச் சொன்னதும் அவர்தான். இடைவிடாத கேள்விகளுக்கு நானாயிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன்.

கூட்ட நெரிசலில் பெயர் கேட்க முடியவில்லை. ஐயா, அம்மா சார்பிலும் ரொம்ப நன்றி.