ஒரே நாட்டை மூன்று துண்டாக நடத்தாதீர்கள்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலம், வரலாறு, அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

முதுகலை ஆங்கிலத்தில் 'அமெரிக்க இலக்கியம்' ஒரு தாள். வரலாற்றில் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு' இன்னொரு தாள். அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியலமைப்பு என்ற தலைப்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸும் உச்ச நீதிமன்றமும் வந்துபோகின்றன. மூன்று துறைகள் ஒரே நாட்டை மூன்று துண்டாக நடத்துகின்றன. ஒரு துறை மாணவர் அடுத்த துறையின் தாளைத் தொடுவதே இல்லை. மூன்றுக்கும் பொதுவாக, மூல ஆவணங்களைக் கையில் வைத்துப் படிக்கும் 'அமெரிக்கவியல்' தாள் ஒன்றை அடுத்த கல்வியாண்டில் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஆவணம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதை ஒரு வழக்கை வைத்துக் காட்டுகிறோம்.

1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பஞ்சாபிலிருந்து போனவர், 1918இல் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டார். 1790ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்குத் தகுதியாக 'வெள்ளையர்' என்ற சொல்லை வைத்திருந்தது. மூன்று மாதம் முன்பு, ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதியிருந்தார். திண்ட் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது: இனவியல் அறிஞர்கள் கணக்கில் நாங்களும் காக்கேசியரே என்றது. அதே சதர்லேண்ட் இம்முறை, அறிஞர் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதர் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதே கணக்கு என்று எழுதி மறுத்துவிட்டார்.

தீர்ப்பு 12 பக்கம்தான். அதற்குள் சாதி இருக்கிறது. 'உயர்சாதி இந்து' என்று திண்ட் குறிப்பிடப்படுகிறார். சாதிக் கட்டுப்பாடு இனக்கலப்பைத் தடுக்க ஏற்பட்டது என்றாலும் அதில் முழுமையாக வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை என்று நீதிமன்றமே எழுதுகிறது. இந்த வரியில் ஒரு அமெரிக்க மாணவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். நம் மாணவருக்குத் தேவைப்படாது. அகமணமும் தூய்மை வாதமும் என்னவென்று தெரிந்தவர், அந்த வாதம் வாஷிங்டன் நீதிமன்றத்தில் 'வெள்ளையர்' என்ற தகுதியைப் பெறுவதற்காக வைக்கப்பட்டதை ஒரே வாசிப்பில் பிடித்துக்கொள்வார். வெளியிலிருந்து படிப்பவருக்கு இருக்கும் இந்தப் பலத்தை இன்றைய பாடத்திட்டம் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

தீர்ப்போடு விஷயம் முடிவதில்லை. குடியுரிமைக்குத் தகுதியற்ற அயல்நாட்டவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1913 முதலே சட்டம் இருந்தது. ஆகவே இந்தத் தீர்ப்பு இம்பீரியல் பள்ளத்தாக்கின் பஞ்சாபி விவசாயிகளின் வயலுக்குள் நேராகப் போய் இறங்கியது. நிலம் வேறொருவர் பெயருக்கு மாறியது. அப்படித் தகுதியற்றவரை மணந்த அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை பறிபோகும் என்று 1922ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் சொன்னது. இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது 1946இல். அப்போதும் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு. சட்டம், நிலம், திருமணம், இனவியல் எல்லாம் ஒரே முடிச்சு. எந்தத் துறை தனியாக இதை அவிழ்க்கும்?

இனி, மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது. ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவை இவை.

பழைய அமெரிக்க நாளிதழ்களைக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். 'இந்தியன்' என்று தேடினால் பூர்வகுடிகள் பற்றிய செய்தியாக வந்து குவியும். அன்று இந்தியரை, சீக்கியரையும் முஸ்லிமையும் சேர்த்து, 'இந்து' என்றே எழுதினார்கள். கடைசியில் 'யு' போட்ட எழுத்துக்கூட்டலிலும், இரட்டை 'ஓ' போட்ட எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். இது தெரியாத மாணவர், 1907 செப்டம்பரில் மேற்குக் கரை நகரமான பெல்லிங்ஹாமில் இந்திய மர ஆலைத் தொழிலாளர்களை ஊரைவிட்டு விரட்டியதை இந்து மதத்தினர் மீதான தாக்குதல் என்று எழுதிவிடுவார். தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள். இன்னொன்று: பக்கங்களை எந்திரம் படித்து எழுத்தாக்கியிருப்பதால் பிழை மலிந்திருக்கும். தேடலில் வரவில்லை என்பதால் செய்தியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. தேதி தெரிந்தால் அந்த வார இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைவிடப் பெரிய பொறி. 1920, 1930, 1940 படிவங்களில் 'இந்து' என்பது ஓர் இனக் குறியீடு. 1970இல் இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980இல்தான் 'ஏசியன் இண்டியன்' என்று தனிக் கட்டம் வந்தது. ஆண்டு வாரியாக எண்ணை எடுத்து வரைபடம் போட்டால் கோடு தாவும். தாவியது மக்கள் அல்ல, படிவம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்த ஆண்டின் கேள்வியையும், கணக்கெடுப்பாளருக்குத் தந்த அறிவுரையையும் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். தனிநபர் படிவங்கள் 72 ஆண்டு கழித்தே வெளியாகும். 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் வந்துவிட்டன. 1890ஆம் ஆண்டுப் படிவங்கள் தீ விபத்திலும் அதற்குப் பிறகும் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டன. அதை மையமாக வைத்து ஆய்வுத் தலைப்புக் கொடுக்க வேண்டாம்.

தீர்ப்புகளின் தலைப்பில் 'சிலபஸ்' என்று ஒரு சுருக்கம் இருக்கும். அது நீதிமன்ற அலுவலர் எழுதியது, தீர்ப்பின் பகுதி அல்ல. அதை மேற்கோள் காட்டி 'நீதிமன்றம் சொன்னது' என்று எழுதினால் மதிப்பெண் குறைக்க வேண்டும். அவை நடவடிக்கைகளை வெளியிடும் காங்கிரஸ் பதிவேட்டிலும் அச்சாகியிருப்பதெல்லாம் அவையில் பேசியவை அல்ல. உறுப்பினர்கள் பேச்சைத் திருத்தலாம், பேசாததையும் எழுதிச் சேர்க்கலாம். 1978க்கு முன்பு இரண்டையும் பிரித்துக்காட்டும் குறியீடுகூடக் கிடையாது.

பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும். 'ஃபெடரல் எலெக்‌ஷன் கமிஷன்' நம் தேர்தல் ஆணையம் போன்றது என்று விடைத்தாள்களில் எழுதுகிறார்கள். அது தேர்தல் நிதியை மட்டும் கண்காணிக்கும் ஆறு பேர் குழு. வாக்குப்பதிவை நடத்துவது மாநிலங்களும், அவற்றின் உட்பிரிவுகளான கவுண்டிகளும்.

தாளின் அமைப்புக்கு எங்கள் யோசனை எளியது. அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணையும் ஓர் ஆவணக் கோப்புக்கு ஒதுக்குங்கள். ஒரே பொருள் பற்றி ஒரு சட்டப் பகுதி, ஒரு தீர்ப்பு, ஒரு கணக்கெடுப்புப் பக்கம், ஒரு நாளிதழ்ச் செய்தி, காலம் ஒத்துவந்தால் ஒரு கதையோ கவிதையோ. அவற்றை இணைத்து 1,500 சொற்களில் கட்டுரை, தமிழிலும் எழுதலாம். ஆவணத்தை எங்கே, எந்தத் தேடுசொல்லால் எடுத்தார் என்பதற்கு மட்டும் 10 மதிப்பெண். நோட்ஸ் பார்த்து எழுதினால் இந்தப் பத்து வராது. மூன்று துறை ஆசிரியர்களும் ஆளுக்கு ஐந்து வாரம் எடுக்கலாம். கோப்பை இருவராவது திருத்த வேண்டும்.

செலவு என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 1964இல் ஹைதராபாத்தில் தொடங்கிய அமெரிக்கவியல் ஆய்வு மையத்தின் நூலகத்துக்கு ஒரு காலத்தில் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. இன்று மேலே சொன்ன ஆவணங்கள் இலவசம். இணையம் மந்தமான கல்லூரிகளுக்குக் கோப்புகளை இறக்கிப் பென் டிரைவில் கொடுத்தால் போதும்.

அவர்கள் நம்மைப் படித்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிடம் வாங்கிய கோதுமைக்கு நாம் ரூபாயில் கட்டிய விலையைக் கொண்டு, 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் அப்படித்தான் கப்பலேறின. அங்கே தமிழ் படித்தவர்கள் அந்த அலமாரிகளிலிருந்து மொழி, வரலாறு, அரசியல் மூன்றையும் சேர்த்தே எடுத்தார்கள்.

முதல் தொகுதியாக ஒசாவா, திண்ட் தீர்ப்புகளையும் 1920, 1980 கணக்கெடுப்புப் படிவங்களையும் தமிழ் விளக்கக் குறிப்புகளோடு தயாரித்துத் தர நாங்கள் முன்வருகிறோம். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள்.

இப்படிக்கு,
அமெரிக்க இலக்கியமும் வரலாறும் அரசியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்